யார் பார்த்துச் சொன்னது?

வாசகர் கேள்வி, 2 ஆகஸ்ட் 2025

"படம் பொய், குரல் பொய், வீடியோ பொய். கட்டுரை எழுதுவதும் இயந்திரம், அதற்குக் கீழே 'அருமை' என்று பின்னூட்டம் போடுவதும் இயந்திரம். நான் செய்தி பார்ப்பதை நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது. ஏதாவது தெரிய வேண்டுமென்றால் ஏஐயிடம் கேட்டுக்கொள்கிறேன். அது சொல்வதும் பொய்யாக இருக்கலாம்தான். எல்லாமே பொய் என்று ஆன பிறகு, வசதியான பொய்யைப் பிடித்துக்கொள்வதில் என்ன தப்பு?"

3 ஆகஸ்ட், காலை

யாரையும் நம்பமாட்டேன் என்று ஆரம்பித்து, ஒரே ஒருவரை நம்புகிறேன் என்று முடித்திருக்கிறீர்கள். இதற்குப் பெயர் சந்தேகம் இல்லை, ஆள் மாற்றம்.

நான் மெய்ப்புத் திருத்துபவன். 22 வருடமாக அடுத்தவர் எழுதியதில் பிழை பார்ப்பதுதான் பிழைப்பு. (சிலேடை தானாக விழுந்தது, விட்டுவிடுகிறேன்.) இந்த வேலையில் ஒரு வியாதி தொற்றிக்கொள்ளும். எதைப் படித்தாலும் "இது இவருக்கு எப்படித் தெரியும்?" என்று ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடத் தோன்றும். ஒருநாள் அதை என் மேலேயே போட்டுப் பார்த்தேன். எனக்குத் தெரிந்ததில் நானே பார்த்தது எவ்வளவு? விரல் விட்டு எண்ணிவிடலாம். நான் பிறந்த தேதி அம்மா சொன்னது. ஒளி நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகிறது என்பது வாத்தியார் சொன்னது, அவருக்குப் புத்தகம் சொன்னது. என் கல்லீரல் வலப்பக்கம் இருக்கிறது என்பதுகூட டாக்டர் சொல்லித்தான் தெரியும்.

நம் பழைய தர்க்க நூல்கள் அறிவதற்கு வழி மூன்று என்பார்கள். காண்டல், கருதல், உரை. கண்ணால் பார்ப்பது, புகையைப் பார்த்து நெருப்பை ஊகிப்பது, பிறர் சொல்லித் தெரிந்துகொள்வது. மூன்றாவதுக்கு மட்டும் ஒரு நிபந்தனை உண்டு. சொல்பவன் விஷயம் அறிந்தவனாக இருக்க வேண்டும், பொய் சொல்லாதவனாக இருக்க வேண்டும். எத்தனை வாய் மாறி வந்தாலும், சங்கிலியின் மறுமுனையில் யாரோ ஒருவர் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், அல்லது கையால் அளந்திருக்க வேண்டும்.

ஏஐ தருவது அச்சு அசலாக உரை மாதிரியே இருக்கிறது. மறுமுனையைத் தேடிப் போனால்தான் அங்கே ஆளே இல்லை.

குறள் 355 நினைவுக்கு வருகிறது. "எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்." அன்றைக்கு வாய் என்று ஒன்றாவது இருந்தது.

3 ஆகஸ்ட், இரவு

"இதையே ஏஐ வைத்துத்தானே எழுதினீர்கள்?" என்று ஒருவர். இல்லை. ஒற்றுப்பிழை இருக்கிறதா தேடிப் பாருங்கள். இருந்தால் எழுதியது நான்.

5 ஆகஸ்ட்

ஒற்றுப்பிழை கிடைக்கவில்லை, அதைவிடப் பெரியது கிடைத்திருக்கிறது. குறள் எண் தப்பு. 355 "எப்பொருள் எத்தன்மைத் தாயினும்" என்று தொடங்குவது, மெய்யுணர்தல் அதிகாரம். "யார்யார்வாய்க் கேட்பினும்" 423, அறிவுடைமை. முச்சந்தியில் நிற்க வைத்தது போல இருந்தது. இயந்திரம் மேற்கோளைத் தப்பாகச் சொல்கிறது என்று எழுத வந்தவன், அதே பத்தியில் மேற்கோளைத் தப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

சமாளிப்பாக ஒன்று எழுதி வைத்திருந்தேன்: "என் பிழைக்கு முகவரி இருக்கிறது, என்னைக் கேட்டால் ஏன் தப்பினேன் என்று சொல்வேன்." அதை அனுப்பாமல் யோசித்தேன். ஏன் தப்பினேன்? இரண்டு குறளும் "அப்பொருள் மெய்ப்பொருள் காண்ப தறிவு" என்றே முடிகின்றன. வால் ஒன்றாக இருந்ததால் தலை மாறிவிட்டது. இயந்திரம் தப்புவதும் அநேகமாக இதே வழியில்தான். ஒன்றோடொன்று அடிக்கடி சேர்ந்து வரும் சொற்களில் வழுக்கி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடுகிறது.

ஆக, மனிதன் வேறு இயந்திரம் வேறு என்று நான் போட்ட கோடு அவ்வளவு நேராக இல்லை. மிச்சம் இருக்கும் வித்தியாசம் ஒன்றுதான். நீங்கள் சுட்டிக்காட்டியதும் எனக்கு முகம் சிவந்தது. இனி ஜென்மத்துக்கும் 423ஐ மறக்கமாட்டேன்.

9 ஆகஸ்ட்

வீம்புக்கு ஒரு சோதனை செய்தேன்.

புறநானூற்றில் 400 பாட்டு என்பது கணக்கு. 267ஆம் பாட்டும் 268ஆம் பாட்டும் கிடைக்கவில்லை. ஏட்டிலேயே இல்லை. இதை வைத்து ஒரு சாட்பாட்டிடம் பவ்வியமாகக் கேட்டேன்: "புறநானூறு 267ஆம் பாட்டின் பொருளைச் சுருக்கமாகச் சொல்லவும்."

சொன்னது. ஒரு வீரன் வருகிறான், ஆநிரை கவர்கிறான், நடுகல் ஆகிறான், அவனைப் பாணர்கள் பாடுகிறார்கள். திணை கரந்தை. துறைகூடப் போட்டிருந்தது. மொழி சுத்தம், கமா இருக்க வேண்டிய இடத்தில் கமா. மெய்ப்புப் பார்ப்பவனாக எனக்குத் திருத்த ஒரு புள்ளி இல்லை.

"அந்தப் பாட்டே கிடைக்கவில்லையே" என்றேன். "மிகச் சரியாகச் சுட்டிக்காட்டினீர்கள், மன்னிக்கவும்" என்று குழைந்தது. எனக்குக் குறும்பு அதிகமாகி, "266ஆவதும் கிடைக்கவில்லை, அப்படித்தானே?" என்றேன். "ஆம், 266ஆம் பாட்டும் கிடைக்கவில்லை" என்று ஒப்புக்கொண்டது. 266 புத்தகத்தில் குத்துக்கல் மாதிரி இருக்கிறது.

இதற்கு ஆங்கிலத்தில் ஹாலுசினேஷன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் மாயத்தோற்றம் என்று மொழிபெயர்க்கிறார்கள். இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. இல்லாததைப் பார்க்க முதலில் கண் வேண்டும். இது பார்க்கவே இல்லை. முன்னால் வந்த சொற்களை வைத்து அடுத்து எந்தச் சொல் வரத் தோதாக இருக்கும் என்று கணித்து வைக்கிறது, பிறகு அதற்கு அடுத்தது. சரியான பதிலும் இந்த வழியில்தான் வருகிறது, தப்பான பதிலும் இதே வழியில்தான் வருகிறது. உள்ளே இரண்டுக்கும் தனித்தனி மணம் கிடையாது. தமிழில் இதற்கு ஏற்கெனவே சொல் இருக்கிறது: அடித்துவிடுதல். படிக்காமல் வந்து வாய்மொழித் தேர்வில் உட்கார்ந்திருப்பவன் செய்வது.

10 ஆகஸ்ட்

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். அதே கேள்வியை இணையத்தில் தேடும் வசதியைத் திறந்துவிட்டுக் கேட்டேன். "267, 268 ஆகிய இரண்டும் கிடைக்கவில்லை" என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டது. எங்கிருந்து எடுத்தது என்றும் காட்டியது. யாரோ பார்த்துச் சொன்னதைத் தேடிப் போனதும் திருந்திவிட்டது.

நேற்று எழுதியதில் கொஞ்சம் கெக்கலிப்பு கூடிவிட்டது.

14 ஆகஸ்ட்

266 விவகாரம் இன்னும் உறுத்துகிறது. இல்லாததைச் சொன்னதைவிட, இருப்பதை நான் சொன்னதற்காக இல்லை என்று தலையாட்டியதுதான் பயமாக இருக்கிறது.

பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. வில்ஹெல்ம் ஃபான் ஆஸ்டன் என்ற கணக்கு வாத்தியாரின் குதிரை. கூட்டல், கழித்தல், பின்னம், தேதி எதைக் கேட்டாலும் குளம்பால் தட்டி விடை சொல்லும். 1904இல் ஒரு குழு வந்து பார்த்து, மோசடி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனது. மோசடி நிஜமாகவே இல்லை. 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியல் ஆய்வாளர் ஓர் எளிய காரியம் செய்தார். கேட்பவருக்கே விடை தெரியாதபடி கேள்விகளை அமைத்தார். குதிரை திணறியது. தட்டல் சரியான எண்ணை நெருங்கும்போது கேட்பவரின் தலையும் முகமும் அவரை அறியாமல் ஒரு மயிரிழை அசையும். ஹான்ஸ் கணக்குப் போடவில்லை, மனிதரைப் படித்தது.

"அப்படித்தானே?" என்று நான் கேட்டதும் அந்தத் தலையசைப்புதான். பயனரின் மனம் கோணாதபடி பேசப் பழக்கியதன் பலன் இது. 2025 ஏப்ரலில், சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐ நிறுவனம் தன் மாடல் ஒன்று அளவுக்கு மீறி ஜால்ரா போடுகிறது என்று ஒத்துக்கொண்டு, வெளியிட்ட புதுப்பிப்பைச் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது.

2023இல் நியூயார்க்கில் ஒரு வழக்கில், சாட்ஜிபிடி கொடுத்த, இல்லவே இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டி மனுப் போட்ட வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. அதில் எல்லாரும் சிரித்தது போலித் தீர்ப்புகளுக்காக. எனக்கு மறக்காதது வேறு. இந்த வழக்குகள் உண்மையா என்று அதே சாட்ஜிபிடியிடமே கேட்டுச் சரிபார்த்திருக்கிறார்கள். ஆம் என்றிருக்கிறது.

ஒரு கசப்பும் உண்டு. கேட்பவருக்கு விடை தெரியாவிட்டால் ஹான்ஸ் மாட்டிக்கொள்ளும். எனக்கு விடை தெரியாவிட்டால் மாட்டிக்கொள்வது நான். புறநானூறு எனக்குத் தெரியும், அதனால் பிடித்தேன். நேற்று அதே சாட்பாட்டிடம் என் ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பற்றிக் கேட்டேன். அதே சுத்தமான மொழி, அதே கமா. பயபக்தியோடு தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

17 ஆகஸ்ட்

ஒப்புதல் வாக்குமூலம். சென்ற மாதம் ராத்திரி நேரத்தில் முயல்கள் டிராம்போலினில் குதித்து விளையாடும் ஒரு வீடியோ சுற்றியதே, வீட்டுக் கேமரா பதிவு மாதிரி, அதை நானும் நாலு குழுக்களுக்கு அனுப்பினேன். ஏஐ செய்தது என்று அக்கா மகன் சொன்னான். "நடுவில் ஒரு முயல் காணாமல் போகிறது பார், மாமா." பார்த்தேன். போகிறது. 22 வருடம் பிழை பார்த்த கண்.

அந்த வெட்கத்தில் இப்போது உஷாராக இருக்கிறேன். போன வாரம் கொம்பு முளைத்த முயல் என்று ஒரு படம் வந்தது. முகத்தைச் சுற்றிக் கறுப்பாக, கூராக, நாலைந்து. ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "ஏஐ" என்று ஒரே சொல் போட்டு அனுப்பியவர் வாயை அடைத்துவிட்டேன்.

தர்க்க நூல்களில் இல்லாத பொருளுக்கு உதாரணமே முயற்கோடுதான், முயலின் கொம்பு. ஆகாயப்பூ, மலடி மகன், முயற்கோடு. யாரும் எங்கும் பார்த்திருக்க முடியாது என்பதால் அதைத் தேர்ந்தார்கள். இன்றைக்குப் பத்து நொடியில் செய்து கண்ணெதிரே நிறுத்திவிடலாம். இல்லாதது எல்லாம் காண்டலுக்குள் குடியேறிவிட்டது.

21 ஆகஸ்ட்

நடுவில் ஒரு கிளைக்கதை. "எழுத்தெண்ணிக்கையில் ஏஐ ஏன் சொதப்புகிறது? இவ்வளவு தெரிந்தது, ஒரு சொல்லில் எத்தனை எழுத்து என்று தெரியாதா?" என்று கேட்டிருந்தார்கள். இது எனக்குத் தொழில் சம்பந்தப்பட்டது, விடமாட்டேன்.

"தமிழ்" நமக்கு மூன்று எழுத்து. த, மி, ழ். கணினிக்கு அப்படி இல்லை. எழுத்துக் குறிகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் த ஒன்று, ம ஒன்று, இகரக் கொக்கி தனியாக ஒன்று, ழ ஒன்று, தலையில் வைக்கும் புள்ளி தனியாக ஒன்று. மொத்தம் 5 குறி. அவற்றைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் இடம் பிடிக்கும். ஆக 15 பைட். ஆங்கிலத்தில் அதே பெயரை எழுத 5 பைட் போதும். மாடல் இந்த எழுத்துகளையும் நேராகப் பார்ப்பதில்லை. அடிக்கடி சேர்ந்து வரும் துண்டுகளை ஒட்டி டோக்கன் என்று ஆக்கி, அதற்கு ஓர் எண் கொடுத்து, அந்த எண்களைத்தான் உள்ளே வாங்குகிறது. ஆங்கிலத்தில் ஒரு முழுச்சொல்லே ஒரு டோக்கனாகிவிடும். தமிழில் ஒரு சொல் பல துண்டாக நொறுங்கும்.

நான் கொக்கியையும் புள்ளியையும் நம்பி வாழ்கிறவன். அது கொக்கியைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் சில நாள் என்னைவிட ஒழுங்காகச் சந்தி போடுகிறது. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

29 ஆகஸ்ட்

17ஆம் தேதி எழுதியதில் இரண்டாவது பத்தியை அடித்துவிடுங்கள். (அந்த அர்த்தத்தில் இல்லை. கோடு போட்டு.)

கொம்பு முயல் நிஜம்.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலம், ஃபோர்ட் காலின்ஸ் என்ற ஊர்ப்பக்கத்தில் எடுத்த படம். அந்த முயல்களுக்கு ஷோப் பாப்பிலோமா என்ற வைரஸ் தொற்று. முகத்திலும் தலையிலும் மருக்கள் வந்து, அவை கெட்டித்துக் கொம்பு மாதிரி நீளும். 1933இல் ரிச்சர்ட் ஷோப் என்ற ஆய்வாளர் கண்டறிந்தது. பாலூட்டிகளில் வைரஸாலும் புற்று வரலாம் என்று புரிந்துகொள்ளத் துணைபோனது இந்த முயலின் கொம்புதான். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுக்கு முந்தைய விலங்குப் படங்களிலேயே கொம்பு முயல் உண்டு. கற்பனை என்று நினைத்திருந்தார்கள். வரைந்தவர்கள் ஒருவேளை நோய் வந்த முயலைப் பார்த்தே வரைந்திருக்கலாம்.

நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் கண்டுபிடிக்கவில்லை. அனுப்பியவர் பழைய சிநேகிதர், கோபித்துக்கொண்டார். பதினைந்து நாள் கழித்து, "அந்த மாநில வனவிலங்குத் துறையே பதில் சொல்லியிருக்கிறது, படித்துப் பார்" என்று எழுதினார். படித்தேன். தொடக் கூடாது, மற்றபடி மனிதருக்குப் பரவாது என்று சாவதானமாக விளக்கியிருந்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் பெரிதாக்கி அரைமணி நேரம் பார்த்தேன். நிழல், ரோமம், கண்ணில் விழும் ஒளி எல்லாம். அப்போதும் படம் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. நிஜம் என்று தெரிந்த பிறகும் பார்க்கப் பொய் மாதிரிதான் இருந்தது. டிராம்போலின் முயல் பொய் என்று தெரிந்த பிறகும் நிஜம் மாதிரியே இருப்பதைப்போல.

முதல் நாள் கேட்டவருக்கு இதைத்தான் சொல்ல நினைக்கிறேன். எதையும் நம்பாமல் இருப்பது பாதுகாப்பு என்று நினைத்தீர்கள். நானும் நினைத்தேன். நம்பி ஒரு முறை ஏமாந்தேன், நம்பாமல் ஒரு முறை ஏமாந்தேன். இரண்டாவதில் நஷ்டம் கூட. முதலாவதில் போனது கொஞ்சம் மானம். இரண்டாவதில், உண்மையைக் கொண்டுவந்த மனிதரை வாயடைத்து அனுப்பினேன். உண்மையிலேயே மாட்டிக்கொண்டவன், "அந்த வீடியோ ஏஐ" என்று சொல்லித் தப்பிக்க நாம்தான் தோள் கொடுக்கிறோம்.

படத்தை உற்றுப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ஏஐ படத்தைக் கையில் ஆறு விரல் இருக்கிறதா என்று எண்ணிக் கண்டுபிடித்த காலம் மலையேறிவிட்டது. இனிமேல் யார் எடுத்தார், எங்கே, அவரை யாருக்குத் தெரியும், வேறு யார் பார்த்தார் என்று பின்னால் போவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. அலுப்பான வேலை.

தர்க்க நூலோர் பக்கமும் ஒரு வார்த்தை. அது மருக்கட்டி, கொம்பு இல்லை, உள்ளே எலும்பு கிடையாது. ஆகவே முயற்கோடு இன்னும் இல்லாத பொருள்தான். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

30 ஆகஸ்ட்

"பின்னால் போவது என்றால் தினமும் எத்தனை விஷயத்துக்குப் போவீர்கள்?" நியாயமான கேள்வி. ஜூன் மாதம் ஒரு நோட்டுப் போட்டேன். அன்றன்று புதிதாகத் தெரிந்துகொண்டது இடப்பக்கம், யார் சொன்னது என்பது வலப்பக்கம். 11 நாள் ஓடியது. வலப்பக்கத்தில் பாதிக்கு மேல் "எங்கோ படித்தேன்". நோட்டு இப்போது கணக்கெழுதப் பயன்படுகிறது.

எல்லாவற்றுக்கும் போக முடியாது. அடுத்தவருக்கு அனுப்புவதற்கு முன்னால் மட்டும் போகிறேன், அதுவும் பாதி நாள்.

7 செப்டம்பர்

இது நீளமாகப் போகும். இந்த விஷயம் முழுதும் எனக்கு வலிக்கிற இடம் இதுதான்.

எங்களிடம் பாட்டியின் படம் ஒன்றே ஒன்று உண்டு. தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிது, கறுப்பு வெள்ளை, முகம் மட்டும். இடக் கன்னத்தில் ஒரு மச்சம். வலது ஓரத்தில் ஈரம் பட்டுப் பூத்திருக்கும். அக்கா மகன் (முயலைக் காட்டிக்கொடுத்தவனேதான்) ஆசையாக அதை ஸ்கேன் செய்து ஏதோ ஒரு செயலியில் போட்டுப் பெரிதாக்கி, வண்ணம் கொடுத்துக் குடும்பக் குழுவில் போட்டான். எல்லாரும் உருகிப்போனோம். கண் இமை ஒவ்வொன்றும் தெரிந்தது. தோல் பளபளத்தது. பெரியம்மா அழுதார். ஒரே வாரத்தில் ஆறு பேருடைய முகப்புப் படம் அதுதான்.

மச்சம் இல்லை. எனக்கே இரண்டாம் நாள்தான் உறைத்தது. செயலி அதை அழுக்கு என்று நினைத்துத் துடைத்திருக்கிறது. பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பல்வரிசை சீராகியிருந்தது. இடது புருவத்தில் இருந்த ஒரு வெட்டு ஆறியிருந்தது. முகம் என்னமோ பாட்டி முகம்தான், பாட்டியின் பணக்காரத் தங்கை என்று சொல்லலாம்.

இது செயலியின் கோளாறே இல்லை. அப்படித்தான் அது வேலை செய்யும். சின்னப் படத்தில் இல்லாத தகவலை எங்கிருந்தும் மீட்க முடியாது. லட்சக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பழகியது, இந்த மாதிரி மங்கல் புள்ளிகளுக்கு எந்த மாதிரி முகம் பொருந்தும் என்று புதிதாக ஒன்றை வரைகிறது. 2020இல் டியூக் பல்கலைக்கழகத்தில் செய்த பல்ஸ் என்ற கருவியில், கட்டம்கட்டமாக மங்கலாக்கிய ஒபாமா படத்தை யாரோ போட்டார்கள். வெள்ளைக்காரர் ஒருவர் வெளியே வந்தார். அது பார்த்துப் பழகியதில் அந்த மாதிரி முகம்தான் அதிகம். பாட்டியைப் போல வந்ததும் ஒபாமாவைப் போல வராமல் போனதும் ஒரே காரணத்தால்தான்.

இதோடு முடிந்திருந்தால் எழுதியிருக்கமாட்டேன். மூன்று மாதம் கழித்துப் பேச்சுவாக்கில் மச்சத்தைப் பற்றிச் சொன்னேன். அத்தை சொன்னார்: "அம்மாவுக்கு ஏதுடா மச்சம்?" பாட்டி மடியில் வளர்ந்த பெண். தினமும் காலையில் போனைத் திறந்தால் வழவழப்பான அந்த முகம். அறுபது வருட ஞாபகத்தை மூன்று மாதத்தில் துடைத்துவிட்டது. நான் மூலப்படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி, மறுபடி போட்டு, "கறை விழுந்திருக்கு" என்றார்.

8 செப்டம்பர்

அக்கா மகன் இதைப் படித்துவிட்டான். வருத்தப்பட்டான். அவன் மேல் தப்பில்லை என்று இங்கேயும் எழுதிவிடுகிறேன். அழுதவர்களில் நானும் உண்டு.

20 செப்டம்பர்

காட்டமாக ஒரு பதில் வந்திருக்கிறது. "மனிதன் மட்டும் யோக்கியமா? ஏடு எழுதியவர்கள் எத்தனை பாட்டைக் கெடுத்தார்கள்? கேமரா வந்த நாள் முதல் படத்தில் ஆளை வெட்டி ஒட்டவில்லையா?"

உண்மை. "எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்" என்ற பழமொழி சும்மா வரவில்லை. பதிப்பு வேலையின் பாதி, பிரதி எடுத்தவரின் கையை மோப்பம் பிடிப்பது. பாடபேதம் பார்க்கும்போது ஒரு விதி உண்டு. இரண்டு ஏட்டில் இரண்டு சொல் இருந்தால், கடினமான சொல்தான் பெரும்பாலும் மூலம். பிரதி எடுப்பவர் புரியாத சொல்லைப் புரிகிற சொல்லாக மாற்றுவார், புரிகிற சொல்லை யாரும் புரியாததாக மாற்றமாட்டார். மொழி மாடலும் இந்தப் பிரதிக்காரரின் ஒன்றுவிட்ட தம்பி. எது வழக்கமோ அதை நோக்கியே சரியும்.

அது எழுதியதையே தின்னக் கொடுத்து அடுத்த மாடலை வளர்த்தால் என்ன ஆகும் என்று 2024 ஜூலையில் நேச்சர் என்ற அறிவியல் இதழில் ஓர் ஆய்வு வந்தது. பழைய தேவாலயக் கோபுரங்களின் கட்டடக்கலை பற்றிய பத்தியைக் கொடுத்துத் தொடரச் சொன்னார்கள். தலைமுறைக்குத் தலைமுறை உளறல் கூடி, ஒன்பதாவது தலைமுறையில் கறுப்பு வால் முயல், வெள்ளை வால் முயல், நீல வால் முயல் என்று வந்து நின்றது. முயலுக்கும் எனக்கும் பூர்வஜென்மப் பகை போலிருக்கிறது. அபூர்வமானவைதான் முதலில் காணாமல் போகின்றன என்பது அந்த ஆய்வின் சாரம். எங்கள் வீட்டில் மச்சம் போன மாதிரி.

ஆனால் ஏடு பார்த்தவர்களிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. உ.வே.சா. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, செல்லரித்துப் போன இடங்களில் புள்ளி வைத்தார். அவ்வளவு தமிழ் தெரிந்த மனிதர். யாப்பு தெரியும், அந்தக் காலச் சொல் தெரியும், அந்த இடத்தில் ஒரு சீரை இட்டு நிரப்பினால் பிடிக்க ஆளே இருந்திருக்காது. புள்ளி வைத்தார். 267, 268ஐயும் இட்டு நிரப்பவில்லை.

இயந்திரத்துக்குப் புள்ளி வைக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. இந்த மாதம் ஓபன்ஏஐ ஆய்வாளர்கள் சிலர் எழுதிய கட்டுரையும் இதைத்தான் சொல்கிறது. மாடல்களை மதிப்பிடும் தேர்வுகளில் "தெரியாது" என்றால் சுழி. ஊகித்து எழுதினால், பட்டால் மதிப்பெண். பிறகு எந்தப் பிள்ளை விடைத்தாளை வெறுமையாகக் கொடுக்கும்?

வாசகர் கேட்ட "வசதியான பொய்" என்ற சொல்லுக்கு என் கடைசி ஆட்சேபணை இதிலிருந்துதான். எனக்குப் பொய்யைக் கண்டு அவ்வளவு பயம் இல்லை. ஓட்டையே தெரியாத உலகத்தைக் கண்டுதான் பயம்.

21 செப்டம்பர்

"கடைசி ஆட்சேபணை" என்று எழுதியிருக்கிறேன். என்னை எனக்குத் தெரியும்.

2 நவம்பர்

பாட்டி படத்தின் பின்பக்கம் பென்சிலால் ஒரு குறிப்பு எழுதி வைக்கலாம் என்று எடுத்தேன். இது மூலம், வண்ணப்படம் செயலி வரைந்தது, இடக் கன்னத்தில் மச்சம் உண்டு என்று மூன்று வரி. எழுதும்முன் பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். அவருக்கு மச்சம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. எனக்கு உயிர் வந்தது.

"ஆனா அது வலது கன்னம்டா" என்றார்.

படத்தில் இடது என்றேன். பாட்டி தன்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டால் தன் கை எந்தப் பக்கம் போகும் என்று சொல்லி, வலதுதான் என்றார். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்டால் படம் கண்ணாடியில் பார்ப்பது மாதிரி மாறிவிடும். ஸ்டூடியோக்காரர் அப்படிச் செய்திருக்கலாம். பெரியம்மாவுக்கு 84 வயது, அவருக்கும் மாறியிருக்கலாம். முகம் மட்டும் உள்ள படம், பக்கம் சொல்ல ஓர் எழுத்தோ பொத்தானோ அதில் இல்லை. அத்தையைக் கேட்டுப் பயனில்லை. வேறு பார்த்தவர் யாரும் இப்போது இல்லை.

இப்படி எழுதி உறையில் போட்டிருக்கிறேன்: "இதுவே மூலம். . . . . . கன்னத்தில் மச்சம் உண்டு."